ஆய்வுக் கப்பலில் ஓவியருக்கு என்ன வேலை?

கடற்காகம்: மைக்கூடு நேற்று எழுதியதைப் படித்த எரிச்சலில் எழுதுகிறேன். ஓவியர்கள் இல்லாவிட்டால் ஆழ்கடல் ஆராய்ச்சியே இல்லையாம்! எரிக் ஷ்மிட், வெண்டி ஷ்மிட் தம்பதியின் கடலாய்வு நிறுவனம் 2015 முதல் விஞ்ஞானிகளோடு கலைஞர்களையும் கப்பலில் ஏற்றிப் போகிறது. போகட்டும், அவர்கள் காசு, அவர்கள் கப்பல். ஆனால் சான்றுக்கு, ஆழ்கடல் மீன்களை வரைந்த ஓவியர் எல்ஸ் போஸ்டெல்மனை இழுத்தீர்களே, அந்த அம்மா ஆழ்கடலைப் பார்த்ததே இல்லை.

மைக்கூடு: 1934இல் பெர்முடாவில் இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபியும் பொறியாளர் ஓடிஸ் பார்ட்டனும், கப்பலிலிருந்து வடத்தில் தொங்கவிட்ட இரும்பு உருண்டைக்குள் உட்கார்ந்து 923 மீட்டர் இறங்கினார்கள். பீபி தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே அவருடைய உதவியாளர் குளோரியா ஹாலிஸ்டர் குறித்துக்கொண்டார். பீபி ஏறி வந்ததும் அவரிடம் கேட்டுக் கேட்டுப் போஸ்டெல்மன் வரைந்தார். கூட்டு வேலை என்றால் இதுதான்.

கடற்காகம்: ஆக, பார்க்கவில்லை. நன்றி.

பரதவன்77: செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கடலுக்கடியிலேயே வரைந்தவர் அவர். தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம்.

கடற்காகம்: அது ஆழமில்லாத இடம், தம்பி. நான் கேட்பது உருண்டைக்குள் 923 மீட்டர். இறங்கினாரா? பீபி சன்னல் வழியே கண்டதாகச் சொன்ன மீன் ஒன்று உண்டு, ‘பாதிஸ்பியரா இண்டாக்டா’. ஆறடி நீளம், விலாவில் வரிசையாக விளக்கு. இன்றுவரை வேறு யார் கண்ணிலும் படவில்லை. மீன் ஆய்வாளர் கார்ல் ஹப்ஸ் அப்போதே பீபியின் மீன்களைச் சந்தேகப்பட்டார். பார்க்காதவர் அழகாக வரைந்து கொடுத்ததால்தான் அது நிஜ மீனாக உலா வந்தது.

மைக்கூடு: அது பீபியின் கண் மீதுள்ள வழக்கு. ஓவியரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? 1872இல் பிரிட்டனின் சேலஞ்சர் கப்பல் கடலாய்வுக்குக் கிளம்பியபோதே ஜே. ஜே. வைல்ட் என்ற ஓவியர் அதில் இருந்தார். ஜெர்மன் உயிரியலாளர் ஹேக்கல் அதில் போகவே இல்லை, ஆனாலும் அது அள்ளி வந்த ரேடியோலேரியா என்ற நுண்ணிய கடலுயிர்களை வரைந்தார்.

கடற்காகம்: ஹேக்கல் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார். போஸ்டெல்மன் எதைப் பார்த்தார்?

வெட்டிப்பேச்சு: இரும்பு உருண்டை இல்லை, எஃகு.

மைக்கூடு: எஃகும் இரும்புதானே ஐயா.

வெட்டிப்பேச்சு: ஏதாவது பட்டறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பரதவன்77: காகம் அண்ணனுக்குக் கோபம் ஓவியர் மேல் இல்லை. திமிங்கிலத்துக்குச் செவுள் உண்டு என்று அண்ணன் எழுதியதை மைக்கூடு எல்லார் முன்னாலும் பிடித்தாரே, அது இன்னும் ஆறவில்லை.

கடற்காகம்: பேச்சை மாற்றாதீர்கள். இறங்கினாரா, இல்லையா?

மைக்கூடு: சரி, இன்றைக்கு வாருங்கள். அந்த ஷ்மிட் நிறுவனத்தின் ‘சுபாஸ்டியன்’ என்ற ஆளில்லா இயந்திரம் 4,500 மீட்டர் வரை போய்ப் படம் அனுப்புகிறது. விஞ்ஞானி பார்க்கும் அதே திரையை ஓவியரும் பார்க்கிறார். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கடற்காகம்: திரையில் பார்ப்பது ஒரு பார்வையா?

பரதவன்77: அப்படியானால் விஞ்ஞானியும் பார்க்கவில்லை!

கடற்காகம்: விஞ்ஞானி மேலே கொண்டுவந்து அறுத்துப் பார்ப்பார். போஸ்டெல்மன் இறங்கவில்லை. இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வெட்டிப்பேச்சு: சன்னலில் இருந்தது குவார்ட்ஸ். யாராவது கண்ணாடி என்று எழுதுவதற்குள் சொல்லி வைக்கிறேன்.