பாபநாசம் – திருச்செந்தூர் சைக்கிளில்: கால்வாய்க் கரையிலேயே போக முடியுமா?

மதுரைச் சக்கரம்:
தை மாசம் ரெண்டு நாள்ல பாபநாசத்துல இருந்து திருச்செந்தூர் வரைக்கும் சைக்கிள்ல வரலாம்னு நானும் தம்பியும் இருக்கோம். மேப்ல பாத்தா தாமிரபரணிக்கு ரெண்டு பக்கமும் கால்வாய் விடாம ஓடுது. மெயின் ரோட்டுக்கே வராம கரை மேலேயே முழுசும் போயிர முடியுமா? ரெண்டும் ஹைப்ரிட் வண்டி, 700×38 டயர், பிரெஸ்டாங்கிற ஒல்லி வால்வு. கேரியர்ல ஆளுக்குப் பத்து கிலோ சாமான். ராத்திரி பாளையங்கோட்டையில தங்கல். திரும்பும்போது சைக்கிளை ரயில்ல ஏத்தணும்.

கன்னடியன்கால்:
முழுசும் முடியாது அண்ணாச்சி. முடிஞ்சாலும் நல்லா இருக்காது. ஆத்துல மொத்தம் 8 அணைக்கட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணோ ரெண்டோ கால்வாய் (இங்க 'கால்'னு சொல்லுவோம்) பிரிஞ்சு, அதோட குளங்களுக்குப் பாஞ்சு முடிஞ்சிரும். ஒரே பாதையா கடல் வரைக்கும் எந்தக் காலும் போகாது. நல்ல துண்டா மூணைப் பிடிச்சுக்கிட்டு, நடுவுல ஊர் ரோட்டுல போறதுதான் சரி.

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் (அம்பை) வரைக்கும் ரோட்டுலயே வாங்க. அங்க கால் எல்லாம் வீட்டுக் கொல்லையை ஒட்டிப் போகும், கரை ஒடுக்கம். அம்பையில ஆத்துப்பாலம் தாண்டி கல்லிடைக்குறிச்சி வந்து, அதுக்குப் பிறகு கன்னடியன் காலைப் பிடிங்க. வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடைன்னு வயக்காட்டு நடுவுல போகும். மூணு துண்டுல இதுதான் முதல் தரம். தையில பிசான நெல்லுப் பயிர் கதிர் வாங்கி நிக்கும், கால்ல தண்ணி ஓடும், தெக்கயும் மேக்கயும் மலை. இந்தத் துண்டுக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்க.

இதுல தப்பு நடக்கிற இடம் ஒண்ணு உண்டு. வெள்ளாங்குழி பக்கம் வெள்ளநீர்க் கால்வாய்னு புதுசா அகலமா ஒண்ணு பிரியும். தாமிரபரணி வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் கொண்டுபோக வெட்டினது. கரை ரோடு மாதிரி இருக்கும், பாத்தா ஆசையா இருக்கும். அதுல ஏறினா நிழலே இல்லாத வறண்ட காட்டு வழியா சாத்தான்குளம் பக்கம் எம்.எல். தேரிங்கிற செம்மணல் காட்டுக்குத்தான் போய்ச் சேருவீங்க. பழைய கால் வளைஞ்சு வளைஞ்சு, மரத்தோட, ஊரைத் தொட்டுத் தொட்டுப் போகும். அதுதான் அடையாளம்.

பத்தமடையில இருந்து மேலச்செவல், கோபாலசமுத்திரம் ரோடு. வண்டி நடமாட்டம் குறைவு. பாளையங்கால் கரையை வயக்காடு இருக்கிற வரைக்கும் வெச்சுக்கிடலாம். மேலப்பாளையத்துக்கு முன்னாலயே ரோட்டுக்கு வந்திருங்க. ஊருக்குள்ள அந்தக் கால் சாக்கடையாக் கிடக்கிறது வயிறெரியிற விஷயம். கரையும் ஆக்கிரமிப்புல போயிருச்சு.

கரையில எப்படி ஓட்டணும்கிறதும் முக்கியம். ரெண்டு கரையில ஒண்ணுதான் ஜீப், டிராக்டர் போற அகலம் இருக்கும்; எதிர்க்கரை ஒத்தையடிப் பாதை. அகலக் கரையிலயும் வயல் பக்கத்து டயர் தடத்துலயே போங்க. தண்ணிப் பக்கம் நண்டு வளை, எலி வளையால மண்ணு உள்ளுக்குள்ள கூடா இருக்கும். அதுலயும் தண்ணியைத் திடீர்னு குறைச்ச மறுநாள், ஈரக் கரை தாங்காம விளிம்பு சரியும். மடை வர்ற இடத்துல புல்லு மூடிக் கிடந்தா இறங்கித் தள்ளுங்க. சிலாப்புக்கும் மண்ணுக்கும் நடுவுல சக்கரம் இறங்கிற அளவு சந்து இருக்கும். படித்துறையில ஆட்கள் குளிச்சுக்கிட்டு இருந்தா தூரத்துலயே மணி அடிச்சிட்டு, இறங்கித் தள்ளிட்டுப் போங்க.

வால்டியூப்:
வழியை அண்ணாச்சி சொல்லிட்டாக. நான் டயரைப் பத்தி மட்டும் சொல்லுதேன். கரையில உங்களுக்கு எதிரி சீமைக்கருவேல முள். வேலி வெட்டிப் போட்ட இடமெல்லாம் காஞ்சு கிடக்கும்.

ஆளுக்கு ரெண்டு டியூப் கொண்டாங்க. நம்ம ஊர்க் கடைகள்ல 28 இஞ்சு சாதா சைக்கிள் டியூப்தான் எப்பவும் இருக்கும். 700க்கு பிரெஸ்டா டியூப் அம்பை, சேரன்மகாதேவி பக்கம் கிடைக்கும்னு நம்பி வராதீங்க. கடைப் பம்பும் உங்க வால்வுல உக்காராது. பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கி வால்வு மூடிக்குப் பதிலா மாட்டிக்கிட்டா, பெட்ரோல் பங்க்ல கூட காத்து அடிக்கலாம். டியூபுக்குள்ள பஞ்சர் திரவம் 60 மில்லி ஊத்திட்டு வந்தா சின்ன முள்ளுக்கு நிக்க வேண்டியது வராது. ஆனா பிரெஸ்டாவுல உள்பின்னைக் கழட்ட முடியிற வகைதானான்னு பாத்து வாங்கணும். இல்லைன்னா ஊத்த வழியில்ல.

பஞ்சரானா டியூபை மட்டும் மாத்திட்டுக் கிளம்பாதீங்க. இந்த முள்ளு நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே நிக்கும், வெளியில தெரியாது. நூறு மீட்டர்ல மறுபடி இறங்கிரும். கழட்டும்போது வால்வுக்கு நேரா டயர்ல ஒரு குறி போடுங்க. டியூப்ல ஓட்டையைக் கண்டுபிடிச்சு, குறியில இருந்து அதே தூரத்துல டயரைப் பாத்தா முள்ளு அங்கதான் இருக்கும். அப்பவும் சிக்கலைன்னா கொஞ்சம் பஞ்சை எடுத்து டயர் உள்பக்கம் சுத்தித் தடவுங்க. பஞ்சு எங்க மாட்டுதோ அங்க. சின்னக் குறடு இல்லாம அதைப் பிடுங்க முடியாது. ஒட்டு போடும்போது உப்புத்தாள்ல நல்லாத் தேச்சு, சொல்யூஷனை மெல்லிசாத் தடவி, விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் அஞ்சு நிமிஷம் விட்டுட்டு அமுக்குங்க. அவசரப்பட்டு ஈரத்துல ஒட்டினா வெயில் சூட்டுல பிரிஞ்சிரும்.

காத்து: கரையில பின்னால 50, முன்னால 40 பி.எஸ்.ஐ. போதும். ரோட்டுக்கு வந்ததும் பத்து கூட்டிக்கிடுங்க.

இன்னொண்ணு, ரோட்டுல வைக்கோல் பரத்தியிருந்தா மேல ஓட்டாதீங்க. பின்னால பல்சக்கரத்துலயும் கியர் மாத்துற சின்ன உருளையிலயும் சுத்தி இறுகிரும். மிதிச்சா டீரெய்லர் ஹேங்கர் (கியர் மாத்துற உறுப்பைத் தாங்குற துண்டு) வளைஞ்சு ஸ்போக்ல அடிக்கும். தூக்கிட்டுப் போங்க. நெல்லு காயப் போட்டிருந்தா சொல்லவே வேண்டாம், ஒதுங்கிப் போயிரணும்.

மதுரைச் சக்கரம்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆடியில வந்தா மேக்காத்து பின்னால தள்ளிவிடும்னு ஒருத்தர் சொன்னாரே, அது எப்படி? பாளையங்கோட்டைக்குக் கிழக்க எந்தப் பக்கம் நல்லது?

தென்கால்:
ஆடிக்காத்து தள்ளும், நிஜம்தான். ஆனா கால் வளைஞ்சு தெக்க வடக்கத் திரும்புற இடமெல்லாம் பக்கவாட்டுல அடிக்கும். ரெண்டு பக்கமும் பை தொங்குற வண்டி கரை மேல தள்ளாடும். தையே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில கரை சேறு. மாசி பாதிக்கு மேல அறுப்பு மெஷின் கரையில ஏறித் தடத்தை உழுது போட்டிரும். தைப்பூசத்துக்கு முந்தின நாட்களை மட்டும் தவிருங்க. திருச்செந்தூர் ரோடு முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடந்து வருவாக, அந்த நெரிசல்ல சைக்கிள் அவங்களுக்கும் இடைஞ்சல்.

கிழக்க தென்கரையிலயே வாங்க. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் வரைக்கும் ரோடு. கருங்குளம் பக்கம் மருதூர் மேலக்கால் துண்டு துண்டா கிடைக்கும். ஸ்ரீவைகுண்டம்தான் கடைசி அணைக்கட்டு, வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. அங்க வடகால், தென்கால்னு ரெண்டு. வடகால் கோரம்பள்ளம் குளத்துக்குத் தூத்துக்குடி பக்கம் இழுத்திட்டுப் போயிரும், உங்களுக்குத் தென்கால். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, பிறகு கடம்பாகுளம் கரை. குளம் நிறைஞ்சிருக்கிற நேரம் கரையில காலை வெயில்ல பறவையைப் பாத்துக்கிட்டு ஓட்டலாம். 2023 டிசம்பர் வெள்ளத்துல உடைஞ்சு அடைச்ச இடங்கள்ல சரள் இளக்கமா இருந்தா வேகத்தைக் குறைங்க, முன் பிரேக்கைத் தொடாதீங்க.

குரும்பூர்ல இருந்து நேரா ரோட்டுலயே திருச்செந்தூர். மேப் தெக்க குறுக்கு வழி காட்டினா நம்பாதீங்க. குதிரைமொழித் தேரி செம்மணல்ல 38 டயர் அரைச் சக்கரம் புதையும்.

ரயில் விஷயம்: திருச்செந்தூர்லயே பார்சல் ஆபீஸ்ல போட்டுருங்க. வண்டி புறப்படுற இடம்கிறதால ஏத்த நேரம் இருக்கும். நடு ஸ்டேஷன்கள்ல வண்டி நிக்கிறதே ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்தான். மிதிகட்டையைக் கழட்டி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் பக்கத்துல அட்டை வெச்சுக் கட்டுங்க. இடப்பக்க மிதிகட்டைக்கு மறை எதிர்ப்பக்கம், வலஞ்சுழியாத் திருப்பினாத்தான் கழலும்.