முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருக்கின்றன; கட்டுரை மட்டும் அமையவில்லை

கேள்வி

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கட்டுரையின் பகுதிகள் யாவை என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும். குறிப்புச்சட்டகம் வரைந்து, உட்தலைப்புகளுக்கு அடிக்கோடும் இட்டுவிடுகிறார்கள். ஆனால், சென்ற வாரம் கைப்பேசியைப் பற்றி எழுதச் சொன்னபோது ஏறத்தாழ எல்லாருமே நன்மைகள், தீமைகள், மாணவரும் கைப்பேசியும் என்று மூன்று பத்திகள் எழுதியிருந்தார்கள். அவற்றை எந்த வரிசையில் மாற்றி வைத்துப் படித்தாலும் கட்டுரைக்கு ஒரு குறையும் நேரவில்லை. முடிவுரையோ முன்னுரையையே சொற்களை மாற்றித் திரும்பச் சொன்னது. ‘தொடர்புபடுத்தி எழுதுக’ என்று சிவப்பு மையில் எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். ஒரு பத்தி அடுத்த பத்திக்கு இட்டுச்செல்வதை எப்படிக் கற்பிப்பது?

மறுமொழி 1

பிழை மாணவரிடம் இல்லை, தலைப்பில் இருக்கிறது என்பேன். ‘கைப்பேசி’ என்பது ஒரு பொருள். அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அடுக்கலாம், அடுக்கியதைக் கலைத்தும் அடுக்கலாம். ‘மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாமா?’ என்று கேட்டுப்பாருங்கள். விடை சொல்லியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். கட்டுரை எழுதுவதற்கு முன் அந்த விடையை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்வேன். அதில் ‘ஆலும்’ அல்லது ‘ஆல்’ என்று முடியும் ஒரு சொல் கட்டாயம் வர வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘அவசரத் தொடர்புக்குத் தேவைப்பட்டாலும், பாட வேளையில் கவனத்தைக் கலைப்பதால், கைப்பேசியைக் காலையில் அலுவலகத்தில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்வதே நல்லது.’ இதில் ‘தேவைப்பட்டாலும்’ என்பது எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்ளும் ஒரு பத்தியைக் கேட்கிறது, ‘கலைப்பதால்’ என்பது காரணத்தை விளக்கும் பத்தியைக் கேட்கிறது, ‘ஒப்படைத்து’ என்பது நடைமுறையைச் சொல்லும் பத்தியைக் கேட்கிறது. வினைமுற்று கடைசியில் வருவது நம் மொழியின் இயல்பாகையால், வரிசையும் அந்த வாக்கியத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஒப்புக்கொள்ளாமலும் காரணம் காட்டாமலும் நேரே நடைமுறைக்குப் போனால் படிப்பவர் ‘ஏன்?’ என்று கேட்பார் என்பது மாணவருக்கே விளங்கும்.

முன்னுரைக்கு மேலே இடம் விட்டுவிட்டுக் கடைசியில் எழுதச் சொல்வதும் உண்டு. எதை அறிமுகப்படுத்துகிறோம் என்று அப்போதுதானே தெரியும்?

மறுமொழி 2

‘தொடர்புபடுத்தி எழுதுக’ என்பதால் பயன் இல்லாததற்குக் காரணம், அது பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுவதில்லை. பிழைக்குப் பெயரிட நமக்குச் சொல் இல்லாமல் இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் வேண்டிய பத்து அழகுகளையும் பட்டியலிடுகிறது. பத்தையும் மனப்பாடம் செய்யவைத்தால் அது இன்னொரு சுமையாகிவிடும். நான் எடுத்துக்கொண்டவை மூன்றே. கைப்பேசியின் தீமையைச் சொல்ல வந்தவர் அதைக் கண்டுபிடித்த கதைக்குள் போய்விட்டால் அது ‘மற்றொன்று விரித்தல்’. முடிவுரையில் முன்னுரையே வந்தால் ‘கூறியது கூறல்’. முதல் பத்தி பன்னிரண்டு வரியும் கடைசிப் பத்தி இரண்டு வரியுமாக இருந்தால் ‘சென்று தேய்ந்து இறுதல்’. விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான், பெயரைக் கேட்டதுமே மாணவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் அவர்களே ஒருவர் கட்டுரையில் மற்றவர் பென்சிலால் குறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அழகுகளில் ‘முறையின் வைப்பு’ ஒன்றே போதும்.

பயிற்சிக்கு, நல்ல கட்டுரை ஒன்றைப் பத்தி பத்தியாக வெட்டிக் கலைத்துக் கொடுங்கள். வரிசைப்படுத்துவது பாதி வேலைதான். எந்தச் சொல் வழிகாட்டியது என்று அடிக்கோடிடச் செய்வதே முக்கியம். ‘இக்குறையை’ என்று ஒரு பத்தி தொடங்கினால், குறை எதுவென்பது அதற்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். சுட்டெழுத்தை இலக்கணப் பாடத்தோடு மறந்துவிட்டவர்கள், அதன் பயனை இங்கே காண்கிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: இணைப்புச் சொற்களின் பட்டியலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பத்தியையும் ‘மேலும்’ என்று தொடங்கிவிட்டுத் தொடர்பு வந்துவிட்டதாக நம்புவார்கள். என் வகுப்பில் ஒரு கட்டுரைக்கு ஒரு ‘மேலும்’ தான்.

மறுமொழி 3

மேலே உள்ளவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் குறிப்புச்சட்டகத்தைக் குற்றவாளியாக்க வேண்டாம். எழுதத் திணறும் மாணவருக்கு அதுதான் பிடிமானம். தேர்வு நேரத்தில், வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டிருக்க எல்லாருக்கும் பொழுது இராது. சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உட்தலைப்புகளைப் பெயர்ச்சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். ‘தீமைகள்’ என்பதற்குப் பதிலாக ‘இரவு நெடுநேரம் கைப்பேசி பார்ப்பவர் காலையில் பாடத்தைக் கவனிக்க இயலாது’ என்று எழுதட்டும். பிறகு உட்தலைப்புகளை மட்டும் தொடர்ந்து உரக்கப் படிக்கச் சொன்னால், ஓட்டம் அறுந்த இடத்தில் அவர்களே நிறுத்துவார்கள். பழகியபின் தலைப்பை அழித்துவிட்டு, அதே வாக்கியத்தைப் பத்தியின் முதல் வரியாக்கிவிடலாம்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வாக்கியப் பயிற்சியை நேற்றே செய்துபார்த்தேன். பாதிப்பேர் ‘நன்மை இருந்தாலும் தீமையும் இருப்பதால் அளவோடு பயன்படுத்த வேண்டும்’ என்று எழுதித் தப்பித்துக்கொண்டார்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியம் செல்லாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தபின், இரண்டாம் முறை நன்றாகவே வந்தது. முடிவுரைதான் இன்னும் வழிக்கு வரவில்லை.

மறுமொழி 1

முடிவுரை எழுதும்போது முன்னுரையைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: ‘நீ சொன்னதை ஏற்றுக்கொண்ட ஒருவர் நாளைக் காலை எதை மாற்றிச் செய்வார்?’ நான்கு வரி விடை வந்தால் போதும்.