பாதப் பராமரிப்பு பற்றித் தமிழில் துண்டுப்பிரசுரம் உண்டா?

வணக்கம். நான் கொழும்பில் தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் வாட்டுக்கு வரும் நீரிழிவு நோயாளரில் தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் பலர். ஒரு அம்மாவுக்குப் பாதத்தில் முள் ஏறிப் புண்ணாகியும் வலியே தெரியவில்லை, நரம்பில் உணர்ச்சி அவ்வளவு குறைந்திருந்தது. தினமும் பாதத்தைப் பாருங்கள், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று வாயால் சொல்லித்தான் அனுப்புகிறோம். வீட்டுக்குப் போனதும் பாதி மறந்துவிடும். மக்கள் தங்கள் சுகத்தைத் தாங்களே பேண வழிசெய்வதுதான் சுகாதார மேம்பாடு என்று 1986இல் வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஒட்டாவா சாசனத்தில் படிக்கிறோம். கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டாமா? பெரிய எழுத்தில், படத்தோடு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.

அப்புறம், மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிற்கவைத்தால் நோயாளியின் அந்தரங்கம் என்னாவது? வாட்டில் வேலைசெய்யும் அக்காமார், அண்ணாமார், நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?