எங்கள் உபதேசியார் ஐயாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் வேதம் சொல்லிக்கொடுத்து ஊழியம் நடத்திய உபதேசியார் ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்து நேற்றோடு நாற்பது நாள். அடக்க ஆராதனையில் அவரைப் பற்றிப் பேச எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். நாக்கு எழும்பவில்லை, ஜெபம் மட்டும் பண்ணிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவரிடம் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர்கள், கிராம ஊழியத்துக்குக் கூடப் போனவர்கள், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடித்தவர்கள், யாராக இருந்தாலும் நீங்களும் எழுதுங்கள்.

நான் வளர்ந்தது மெஞ்ஞானபுரம் பக்கம், செம்மணல் தேரி ஓரத்தில். எங்கள் விளையில் நின்றால் பனைகளுக்கு மேலே 192 அடி ஆலயக் கோபுரம் தெரியும். அந்த ஆலயத்தில் ஏறி நின்று பேசவேண்டும் என்பது சின்ன வயதில் என் ஆசை. ஐயாவிடம் சொன்னேன். "சரி, சனிக்கிழமை காலையில வா, முதல்ல நம்ம ஆச்சிமார்கிட்ட பேசு" என்றார்.

அவர் கூட்டிக்கொண்டு போனது பதநீர் காய்ச்சுகிற குடிசைக்கு. சித்திரை மாதம். உள்ளே நாலு பெண்கள், அடுப்பில் தாச்சி கொதிக்கிறது, புகை கண்ணைக் கரிக்கிறது. பதநீர் பொங்கிவிடாமல் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும், கூப்பனிப் பதம் தப்பினால் அன்றைய கருப்பட்டி போச்சு. அதனால் அவர்கள் நம் முகத்தைப் பார்க்கவே மாட்டார்கள். நான் லூக்கா 15-ல் உள்ள, சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பின இளைய மகனின் கதையை, கெட்ட குமாரன் கதையை, மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனபடி, மேடைக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன். தகப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டதோடு முடித்துவிட்டேன். துழாவிக்கொண்டிருந்த ஆச்சி தலை நிமிராமலே கேட்டாள்: "மூத்தவன் வீட்டுக்குள்ள போனானா, போகலையா?"

தம்பி திரும்பி வந்த கோபத்தில் வீட்டுக்குள் வராமல் வெளியே நின்ற மூத்த மகனை நான் சொல்லவே இல்லை. எனக்கு வாயடைத்துவிட்டது. ஐயாவைப் பார்த்தேன். அவர் கருப்பட்டி ஊற்றுகிற சிரட்டைகளைத் தண்ணீரில் அலசி அடுக்கிக்கொண்டிருந்தார். "அது வேதத்துல எழுதல ஆச்சி. தகப்பன் வெளியே வந்து வருந்திக் கூப்பிட்டாருன்னு மட்டும்தான் இருக்கு" என்றார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது என்னிடம், "எல தம்பி, எழுதாததை எழுதினதாச் சொல்லிராத. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, அப்பதான் தெரிஞ்சதைச் சொல்லும்போது நம்புவாங்க" என்றார். இன்றைக்கு நான் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் அந்தப் புகை வாசனை மூக்கில் வந்துவிடும். அந்த ஆச்சி, பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த ஆவணியில் போனாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னால் நின்றது, தெலுங்கு நாட்டுக்கு ஊழியத்துக்குப் போனது, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனது, இதெல்லாம் ஐயா கதையாகச் சொல்வார். ஆனால் கதையை எப்போதும் பிடியரிசிப் பானையில்தான் கொண்டுவந்து முடிப்பார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்துவைத்த பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும்.

*

அண்ணன் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நான் பனையேறியின் மகள். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்களே, ஒரு வருஷம் ஐந்தாம் வார்த்தையை ஐயா என் பெயருக்கு எழுதிவிட்டார். அதுவரை எங்கள் சபையில் அந்த ஆராதனையில் பெண்கள் யாரும் பேசினதில்லை, சிலருக்கு வருத்தம்தான். நான் பயந்துபோய் புத்தகங்களைப் பார்த்து எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். பொறுமையாக முழுதும் வாசித்தார். அப்புறம், "தாகமாயிருக்கிறேன்னு அவர் சொன்னதைப் பத்திப் பேசப்போற. உங்க அப்பா பனையிலிருந்து இறங்கினதும் முதல்ல என்ன கேப்பாரு?" என்றார்.

தண்ணீர்தான் கேட்பார். கலயம் நிறையப் பதநீர் இருக்கும், அது காய்ச்ச வேண்டியது, அதைத் தொடமாட்டார். நெஞ்செல்லாம் மட்டை கீறின தழும்போடு நின்று சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பார், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதைத்தான் அன்றைக்குப் பேசினேன், எட்டுப் பக்கமும் பைக்குள்ளேயே இருந்தது. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயா இல்லையென்றால் என் அப்பாவின் தாகத்தைப் பிரசங்கபீடத்தில் சொல்லலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

*

நான் கிறிஸ்தவன் இல்லை. வருஷா வருஷம் தசராவுக்குக் குலசை (குலசேகரன்பட்டினம்) முத்தாரம்மனுக்கு மாலை போட்டு வேஷம் கட்டுகிறவன். ஐயா என் டீக்கடையில்தான் காலையில் பேப்பர் படிப்பார். அவர் சாமியைப் பற்றி என்னிடம் நேராகவே பேசுவார். "எனக்குப் பெருசாத் தெரியுறதை உங்ககிட்ட மறைச்சா அது பழக்கத்துக்கு அழகில்ல. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க" என்பார். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். மறுநாளும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டு, நான் சரி என்று தலையாட்டின பிறகுதான் கண்ணை மூடினார். விரதக் காலத்தில் என் முன்னால் அவர் சாப்பிட்டதே இல்லை.

*

எழுதின எல்லாருக்கும் நன்றி. டீக்கடை அண்ணாச்சி, நீங்கள் அடக்கத்துக்கு வந்து கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றதைப் பார்த்தேன், அன்றைக்குக் கூப்பிட்டுப் பேசாதது என் தப்பு.

ஐயா பெயரில் பெரிய கூட்டம் வைக்கலாமா, கல்வெட்டு வைக்கலாமா என்று சபையில் பேச்சு நடக்கிறது. நான் கேட்டது ஒன்றுதான். எங்கள் பக்கம் இப்போது காய்ச்சுகிற குடிசை இரண்டே இரண்டு மிச்சம். போன சனிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அவன் வேதத்தில் வருகிற குஷ்டரோகி நாமான் கதையைச் சொன்னான், கால் நடுங்கியது. நான் சிரட்டை அலசினேன்.