கை கழுவ மறுத்த மருத்துவர்கள்: ஆதாரம் ஏன் தோற்கிறது?

தமிழினி:
ஆதாரத்தைக் கண்முன் வைத்தும் நம்பிக்கையை விடாதவர்களுக்கு ஒரே நோய்தான்: அகந்தை. படிப்பு அதைக் குணமாக்காது. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர் ஒரு விதி போட்டார். பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவப் பிரிவுக்கு வருபவர்கள் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கை கழுவ வேண்டும். ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 தாய்மார்கள் இறந்த பிரிவில், ஜூனில் அது 2 சொச்சமாக இறங்கியது. அப்படியும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை.

செழியன்:
அகந்தை என்று முத்திரை குத்திவிட்டால் அப்புறம் ஆராய என்ன இருக்கிறது? அந்த மருத்துவர் இடத்தில் நின்று பாருங்கள். செம்மல்வெய்ஸ் சொல்வது சரியென்றால், பிரசவக் காய்ச்சலை அத்தனை தாய்மார்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது தன் கைதான் என்றாகிறது. அந்தப் பாரத்தை யாரால் சுமக்க முடியும்? தவிர, கையில் ஒட்டிவருவது எதுவென்று செம்மல்வெய்ஸால் காட்ட முடியவில்லை. நோயைப் பரப்புவது கிருமிகள் என்ற கொள்கை அப்போது நிலைபெறவில்லை. இதைப் பற்றிய தன் நூலை அவர் வெளியிட்டதே 1861இல்தான். காரணம் புரியாத எண்ணிக்கையைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

தமிழினி:
தாராளமாகச் சந்தேகிக்கட்டும், கையைக் கழுவிவிட்டுச் சந்தேகிக்கட்டுமே! செலவு ஒரு பாத்திரம் கரைசல். மறுபக்கம் உயிர்.

நிலவன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வு. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்கள், எதிர்க்கும் மாணவர்கள், இரு தரப்புக்கும் ஒரே இரண்டு ஆய்வறிக்கைகள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. தனக்குச் சாதகமானதை நல்ல ஆய்வு என்றார்கள், பாதகமானதில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒன்றின் ஆய்வு முறையை மற்றதன் முடிவோடு இடம் மாற்றிக் கொடுத்தபோதும் அதே கதை. அதாவது, முடிவு பிடித்திருந்தால் முறையும் சரி. கவனியுங்கள், அவர்கள் யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தார்கள், ஒரு பக்கத்தை மட்டும் துருவித் துருவி.

தமிழினி:
அப்படியானால் ஆதாரம் காட்டுவதே வீண் என்கிறீர்களா? திருத்தினால் இன்னும் இறுகிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டே.

நிலவன்:
அது பொதுவாக உண்மையில்லை. 2019இல் வுட், போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களைச் சோதித்தார்கள். பெரும்பாலும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு உண்மையின் பக்கம்தான் நகர்ந்தார்கள்.

செழியன்:
தகவலில் நகர்ந்தார்கள், சரி. சார்பில்? 2016 அமெரிக்கத் தேர்தலின்போது டிரம்ப் பேச்சிலிருந்த தவறைச் சுட்டிக்காட்டி, அவர் ஆதரவாளர்களிடமே சோதித்தார்கள். அந்தத் தகவல் தவறு என்பதை ஏற்றார்கள், அவர்மேல் இருந்த அபிமானம் குறையவில்லை. நான் கேட்பது இதைத்தான். நம்பிக்கை ஆதாரத்தின் மேல் நிற்கவேயில்லை என்றால், ஆதாரத்தை உருவி எடுத்து என்ன பயன்? அது எதன்மேல் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

தமிழினி:
பார்க்கிறேன். ஆனால் அது தெரியும்வரை பிரசவ அறையில் இருப்பவள் காத்திருக்க முடியாது. மனம் மாறுகிறதோ இல்லையோ, கை கழுவுவதைக் கட்டாயமாக்கத்தான் வேண்டும்.