வூகாமர்ஸ் கடை: ஏபிஐ வழியா, நேரே டேட்டாபேஸா?

பாத்திரக்கடைத்தம்பி: எங்கள் கடையின் இணைய விற்பனை வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. சுமார் 8,000 பொருள்கள். பில்லிங் மென்பொருளில் உள்ள விலையும் இருப்பும் தினமும் இரவு தளத்துக்குப் போக வேண்டும். மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கும் எடுக்க வேண்டும். ஏபிஐயில் (வெளி மென்பொருள்கள் தளத்தோடு பேச வூகாமர்ஸே தரும் வழி) ஒவ்வொன்றாக அனுப்பினால் விடிந்துவிடுகிறது. தளத்தின் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லில் நேரே அப்டேட் போட்டால் என்ன தப்பு?

கொறிப்பான்: ஒரு தப்பும் இல்லை. டேட்டாவும் உங்களுடையது, சர்வரும் உங்களுடையது. சொந்த வீட்டுக்குள் போக டோக்கன் வாங்குவானேன்? விலையும் இருப்பும் கிடக்கும் போஸ்ட்மெட்டா டேபிளில் ஒரே அப்டேட், வேலை முடிந்தது.

நிரல்வாசி: அப்படிப் போய் மாட்டிக்கொண்டவன் நான். டேட்டாபேஸுக்குக் கட்டளை போடும் எஸ்கியூஎல்லில் விலையை மாற்றினேன். பொருளின் பக்கத்தில் புது விலை தெரிந்தது. 'விலை குறைந்தது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் பழைய இடத்திலேயே நின்றது. வூகாமர்ஸ் 3.6 முதல் விலைக்கும் இருப்புக்கும் வேகமாகத் தேடவும் வரிசைப்படுத்தவும் தனியாக ஒரு லுக்அப் டேபிள் வைத்திருக்கிறது. ஏபிஐ வழியாகப் போனால் அதுவும் சேர்ந்து மாறும். நேரே போனால் யார் மாற்றுவது?

இன்னொரு கூத்து: பொருளின் பண்புகளில் 'ஸ்டீல்' என்று ஆங்கிலத்தில் இருந்ததை எஸ்கியூஎல் ரீப்ளேஸ் போட்டு 'எவர்சில்வர்' என்று தமிழாக்கினேன். அந்தத் தகவல் பிஎச்பி சீரியலைஸ் வடிவில் (பல மதிப்புகளை ஒரே சரமாகக் கட்டும் முறை), பைட் நீளத்தோடு சேமிக்கப்படுகிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். நீளம் பொருந்தாமல் பண்புகள் அத்தனையும் காணாமல் போயின!

கொறிப்பான்: லுக்அப் டேபிளைப் புதிதாக உருவாக்க ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறதே. சரி, எழுதுவதை விடுங்கள். கணக்கு எடுக்க? ஏபிஐ ஒரு பக்கத்துக்கு 100 ஆர்டருக்கு மேல் தராது. பக்கம் பக்கமாக இழுக்கும்போது நடுவில் புது ஆர்டர் விழுந்தால் வரிசை நகர்ந்து ஒன்று இருமுறை வரும். எஸ்கியூஎல்லில் தொகுத்துக் கூட்டித் தரும் ஒரு குரூப் பை போதும்.

நிரல்வாசி: எந்த டேபிளில்? 2023 அக்டோபரில் வந்த 8.2 முதல், புதிதாகத் தொடங்கும் கடைகளில் ஆர்டர்கள் வேர்ட்பிரஸின் பொதுவான போஸ்ட்ஸ் டேபிளில் இல்லை, தனி டேபிள்களில் இருக்கின்றன. பழைய கடைகளும் மாறிக்கொள்ளலாம்.

கொறிப்பான்: மாறினால் க்வெரியை, அதாவது அந்த எஸ்கியூஎல் கட்டளையைத் திருத்திக்கொள்கிறேன். பத்து நிமிட வேலை.

நிரல்வாசி: எரர் வந்தால்தானே அண்ணே திருத்துவீர்கள்? பழைய ஆர்டர்கள் போஸ்ட்ஸிலேயே கிடக்கும். இரண்டையும் ஒத்திசைக்கும் வசதி அணைந்திருந்தால், க்வெரி பாட்டுக்கு ஓடி, குறைந்த தொகையைக் காட்டும். வியாபாரம் மந்தம் என்று முதலாளி கவலைப்படுவார்.

தம்பி, ஒவ்வொன்றாக ஏன் அனுப்புகிறீர்கள்? பேட்ச் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரே அழைப்பில் 100 பொருள். உங்களுக்கு 80 அழைப்புதான். மாறியதை மட்டும் அனுப்பினால் அதிலும் குறையும்.

பாத்திரக்கடைத்தம்பி: பேட்ச் இருப்பதே தெரியாது! இன்று இரவே பார்க்கிறேன். கணக்குக்கு மட்டும் எஸ்கியூஎல் வைத்துக்கொள்ளவா?

கொறிப்பான்: தாராளமாக. செலக்ட் உரிமை, அதாவது படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனி யூசரில் ஓட்டுங்கள். உங்கள் ஆர்டர்கள் எந்த டேபிளில் இருக்கின்றன என்று பார்த்துச் சொன்னால் க்வெரி எழுதித் தருகிறேன்.

நிரல்வாசி: முதல் மாதம் அந்தத் தொகையை அட்மின் பக்கக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள். ரீஃபண்ட் கழிந்திருக்கிறதா என்பதையும்தான்.