ஒரே குவாட், மூன்று விதமான தரை: சஸ்பென்ஷனை எப்படி மாற்றி வைப்பது?

மண்குதிரை:
வணக்கம். என்னிடம் இருப்பது யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர் குவாட் (மண் தரையில் ஓட்டுகிற நான்கு சக்கர பைக்), செகண்ட் ஹேண்ட். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து நான் 84 கிலோ. குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நண்பர் நிலத்தில் ஜம்ப் வைத்த செம்மண் டிராக். செங்குன்றம் பக்கம் சமதள ஓவல், வெயிலில் காய்ந்தால் சிமெண்ட் போட்ட மாதிரி இறுகிவிடும். அப்புறம் செய்யூர் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு, முழுக்க மணல்.

செம்மண்ணில் ஒரு குறையும் இல்லை. ஓவலில்தான் வளைவில் உள்பக்கச் சக்கரங்கள் தூக்கின. வண்டியைத் தாழ்த்தலாம் என்று முன் ஷாக் இரண்டிலும் ஸ்பிரிங் காலரை (ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) கிட்டத்தட்ட கடைசி வரை தளர்த்தினேன். அதிலிருந்து நேர் ஓட்டத்தில் ஹேண்டில்பார் அலைபாய்கிறது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது, சின்னப் பள்ளத்தில்கூட ‘டக்’கென்று அடிக்கிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஷாக் போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். இடத்துக்கு ஒரு செட் ஷாக் வாங்கினால்தான் சரிப்படுமா?

ஆவடி ஸ்பேனர்:
பர்ஸை உள்ளே வையுங்கள் தம்பி. மூன்று கேள்வி. பின்பக்கத்தையும் தாழ்த்தினீர்களா? தாழ்த்திய பிறகு டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கிற அளவு, அளந்தீர்களா? டயரில் காற்று எவ்வளவு?

மண்குதிரை:
பின்பக்கம் கையே வைக்கவில்லை அண்ணே. டோ பார்க்கவில்லை. காற்று எல்லாவற்றிலும் 5 பி.எஸ்.ஐ., போன வாரம் பங்க்கில் பிடித்தது.

லேத் பட்டறை:
பங்க் கேஜில் 5 பி.எஸ்.ஐ.யா? அது கார், லாரிக்கு 30, 100 என்று காட்டப் பிறந்தது. கீழே இருக்கும் ஐந்தும் பத்தும் அதற்கு ஒன்றுதான். குவாட் டயருக்கென்று 10 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டுகிற சின்ன கேஜ் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள். உங்கள் வண்டியில் பின் ஆக்ஸில் ஒரே தண்டு, இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஒரு பின் டயரில் காற்று குறைந்து உருளும் சுற்றளவு சுருங்கினால், வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும். ஓவல் ஓட்டுகிறவர்கள் வளைவில் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று வெளிப்பக்க டயரை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வைப்பார்கள். உங்களுக்கு அது தெரியாமலே நடந்திருக்கலாம்.

ஆவடி ஸ்பேனர்:
அதேதான். இப்போது அலைபாய்வதற்கு வருகிறேன். மூக்கை மட்டும் இறக்கினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் போய்விடும். கூடவே டோவும், கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாய்வது) மாறும். உயரத்தில் கை வைத்தால் டோ அளந்தே ஆக வேண்டும், இதில் சமரசம் இல்லை.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராகக் கட்டி, ஒருவரை மேலே உட்கார வையுங்கள். முன் டயர் இரண்டிலும் நடு ரப்பரில், ஆக்ஸில் உயரத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கோடு முன்பக்கம் எவ்வளவு என்று டேப்பில் பாருங்கள். வண்டியை உருட்டி அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி பாருங்கள். முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். முன்பக்கம் அதிகம் என்றால் அலைபாயத்தான் செய்யும்.

அடுத்து அந்த ‘டக்’. காலரைத் தளர்த்துவது தாழ்த்துகிற வழியே இல்லை. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கையால் சுற்றும் அளவுக்கு லூஸாகிவிடும், ஆள் ஏறியதும் பாதித் தூரம் அப்படியே அமுங்கிவிடும். அப்புறம் பள்ளம் வந்தால் அடி தட்டாமல் என்ன செய்யும்? முன்பக்கம் மொத்தம் 250 மி.மீ. போலச் சக்கரம் ஏறி இறங்கும். நீங்கள் கியரோடு உட்கார்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கட்டும். செம்மண் டிராக்குக்கு அதுதான் கணக்கு. ஓவலுக்கு முன்னும் பின்னும் சேர்த்து இறக்க வேண்டும். சக்கரம் முழுதாகத் தொங்காதபடி நாடா கட்டுவது ஒரு வழி, ஷாக்கைப் பிரித்து நீளத்தைக் குறைப்பது இன்னொரு வழி. நாடாவில் ஆரம்பியுங்கள், செம்மண்ணுக்குப் போகும்போது அவிழ்த்துவிடலாம். மீதியிருக்கும் தூரம் குறைவு, அதனால் ஷாக் அமுங்குவதைத் தடுக்கும் கம்ப்ரெஷன் திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

மண்குதிரை:
கம்ப்ரெஷனில் ஹை ஸ்பீடு, லோ ஸ்பீடு என்று இரண்டு இருக்கிறதே. ஓவலில் வேகமாகப் போவதால் ஹை ஸ்பீடா?

ஆவடி ஸ்பேனர்:
எல்லோரும் விழுகிற குழி இது. வண்டியின் வேகம் இல்லை தம்பி, ஷாக் தண்டு உள்ளே போகும் வேகம். வளைவில் வண்டி மெதுவாகச் சாய்வது லோ ஸ்பீடு. ஜம்ப்பிலிருந்து தரையில் விழுவது, கல் விளிம்பில் இடிப்பது ஹை ஸ்பீடு. ஓவலில் லோ ஸ்பீடைத்தான் இறுக்க வேண்டும், ஒரு தடவைக்கு இரண்டு கிளிக். தொடுவதற்கு முன் வலது பக்கம் மெதுவாக முழுக்க மூடி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மூடியதும் அழுத்தித் திருகாதீர்கள், உள்ளே ஊசி கெட்டுவிடும்.

தோப்புவாசி:
மணலுக்கு நான் சொல்கிறேன். மூக்கு மணலில் குத்தக் கூடாது, அதனால் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும்படி வையுங்கள். வரிசையாக மேடுகள் வருகிற இடத்தில் பின்பக்கம் உதைத்துத் தூக்கினால் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தை, மெதுவாக்குங்கள். போகப் போகப் பின்பக்கம் அமுங்கிக்கொண்டே போனால் அடுத்த மேட்டுக்குள் ஷாக் நீளவில்லை என்று அர்த்தம், ரீபவுண்டை வேகமாக்குங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள் முழுக்க வீண், எனக்கு அப்படி ஒரு ஞாயிறு போனது.

சவுக்கு இடுக்கில் அகலமும் இடிக்கும். முன்பக்கம் 3+2 ரிம் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 4+1 (போல்ட் போடும் தட்டிலிருந்து உள்பக்கம் 4 அங்குலம், வெளிப்பக்கம் 1) போட்டால் மொத்தம் 50 மி.மீ. போலக் குறையும். காட்டுப் பாதைக்கென்று யமஹாவே 2010 மாடலாக ஒய்எஃப்இசட் 450எக்ஸ் என்று ஒடுக்கமான வண்டி விட்டது. கம்பெனியே இரண்டு வண்டியாகச் செய்த வேலையை நாம் ஒன்றில் இழுக்கிறோம், எல்லா இடத்திலும் பிரமாதம் என்று எதிர்பார்க்க முடியாது.

ஈசிஆர்காரன்:
மணல்தான் வேண்டுமென்றால் கோவளம் பக்கம் பீச்சிலேயே விடியற்காலையில் ஓட்டலாமே?

தோப்புவாசி:
வேண்டாம் பாஸ். ஜனவரியிலிருந்து அங்கே பங்குனி ஆமை முட்டையிட வரும். மற்ற மாதங்களிலும் வலையும் ஆட்களும் இருக்கிற கரை அது.

மண்குதிரை:
சின்ன கேஜ் வாங்கிப் பார்த்தேன். இடது பின் டயரில் 2.5, வலதில் 6! இரண்டையும் 4.5 வைத்ததும் இழுப்பு நின்றது. டோ அளந்தால் முன்பக்கம் 8 மி.மீ. அதிகம். காலரைப் பழைய இடத்துக்கு ஏற்றி, முன்னும் பின்னும் நாடா கட்டி, டை ராடில் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) திருகி டோவை 4 மி.மீ. உள்ளே வைத்தேன். அலைபாய்வதும் போச்சு, அந்த ‘டக்’கும் போச்சு. ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வளைவில் மட்டும் உள் சக்கரம் இன்னும் லேசாகத் தூக்குகிறது அண்ணே.

ஆவடி ஸ்பேனர்:
லோ ஸ்பீடில் இன்னும் இரண்டு கிளிக் போட்டுப் பாருங்கள். அதற்கும் தூக்கினால் ஷாக்கை விடுங்கள், சீட் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடுப்பை உள்பக்கம் இறக்கி, வெளிக்காலால் ஃபுட்பெக்கை அழுத்துங்கள். யாரையாவது அந்த வளைவில் நிற்க வைத்து ஒரு வீடியோ எடுத்துப் போடுங்கள்.